பத்து ராகமும் ஒரு தாளப் பெட்டியும்

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பிளக்கில் செருகிவிட்டால் 'ஓம்' என்று ஒரே சீராக, இரவு பகல் பாராமல் சொல்லிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு சில்லு, ஒரு சிறிய ஸ்பீக்கர், வேறொன்றுமில்லை. அதைக் கேட்டால் மனசு அடங்குகிறது என்று சொல்கிற அன்பர்கள்தான், பேரப்பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் 'டிரான்ஸ்' இசையை "டொக்கு டொக்குன்னு இதுவும் ஒரு பாட்டா" என்கிறார்கள். இரண்டும் பங்காளிகள் என்பது என் கட்சி. அதற்கு ஆதாரமாக ஒரு பம்பாய் இசைத்தட்டின் கதையைச் சொல்கிறேன். நம் காஞ்சிபுரத்துத் தறியும் அதில் வரும்.

அந்த இசைத்தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று பொருள். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, அதாவது நாய் படம் போட்ட எச்.எம்.வி., வெளியிட்டது. பதிவான ஆண்டு 1982. வாசித்தவர் சரண்ஜித் சிங் என்ற ஒரே மனிதர். பாட்டுக்காரர் கிடையாது, தபலா கிடையாது, சாரங்கி கிடையாது. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி செய்த மூன்று பெட்டிகள் மட்டுமே அவருடைய கச்சேரி கோஷ்டி.

சரண்ஜித் சிங் 1940-ல் பிறந்தவர். பம்பாய் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். ஆர்.டி. பர்மன் போன்றவர்களின் பாட்டுகளில் அவர் கை இருக்கிறது. கல்யாண வீடுகளில் வாசிக்கச் சொந்தமாக ஒரு குழுவும் வைத்திருந்தார். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசித்த தட்டுகளும் போட்டிருக்கிறார். நம் ஊர்க் கடைகளில் அந்த மாதிரித் தட்டுகள் நிறைய விற்கும், ஞாபகம் இருக்கும். புதிய வாத்தியம் எது வந்தாலும் வாங்கிப் பார்க்கிற சுபாவம் அவருக்கு. 1980-ல் 'குர்பானி' படம் வந்து வடக்கே எங்கே பார்த்தாலும் டிஸ்கோ என்று இருந்த காலம். அந்தத் தாளத்தை வைத்துக்கொண்டு ராகம் வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மூன்று பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலாவது டி.ஆர்.808 என்னும் தாளப் பெட்டி, 1980-ல் வந்தது. இரண்டாவது ஜூபிடர்-8 என்னும் கீபோர்டு, ஒரே நேரத்தில் எட்டுச் சுரம் பேசும், விலையும் அதற்கு ஏற்றாற்போல் யானை விலை. மூன்றாவதுதான் கதாநாயகன்: டி.பி.303. கைக்கு அடக்கமான வெள்ளி நிறப் பெட்டி. தனியாகக் கிட்டார் பழகுகிறவனுக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காகச் செய்தது. ஆனால் பேஸ் கிட்டார் மாதிரியே அது பேசவில்லை. ஒரு தினுசான கொழகொழப்புடன், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் பேசியது. வாங்க ஆளில்லை. சுமார் 10,000 பெட்டிகள் செய்துவிட்டு 1984-ல் நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல், வழுக்கிக்கொண்டு போகச் செய்யலாம். இது ராகம் வாசிக்கிறவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆர்மோனியத்தின் வழக்கு தெரிந்தவர்களுக்குப் புரியும். 1940 மார்ச்சில் ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்தைத் தடை செய்தார்கள். வெளிநாட்டு வாத்தியம் என்பது ஒரு குற்றச்சாட்டு. கட்டைக்குக் கட்டை சுரம் துண்டு துண்டாக நிற்கிறது, நடுவில் இழைக்க வராது, ஆகவே கமகம் பேசாது என்பது இன்னொன்று. தடை 1971 வாக்கில்தான் தளர்ந்தது. முப்பது வருஷம். ஒரு வாத்தியத்துக்கு இத்தனை காலம் தற்காலிகப் பணிநீக்கம் வேறெந்த இலாகாவிலாவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை. அதே ஆர்மோனியம் நம் ஊர் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஜாம் ஜாம் என்று உட்கார்ந்திருந்தது வேறு கதை. சரண்ஜித் சிங் கையில் கிடைத்த ஜப்பான் பெட்டியோ, ஆர்மோனியத்தால் முடியாததை ஒரு பொத்தானில் செய்தது. மனிதக் குரலின் கமகம் அதில் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கட்டைக்குக் கட்டை தாவுகிற அந்தப் பழைய குறை போய்விட்டது, அவ்வளவுதான் சொல்வேன்.

பத்து ராகங்களில் பல நமக்குப் பழகியவை, பெயர்தான் வேறு. அவர்கள் பூபாளி என்பது நம் மோகனம். யமன் நம் கல்யாணி. மால்கௌன்ஸ் என்றால் இந்தோளம். கலாவதி வலஜி. வடக்கத்தித் தோடி நம் தோடி அல்ல, சுபபந்துவராளி. இதில் ஏமாறாதவர் குறைவு. பைராகி என்பதைக் கேட்டவுடன் ரேவதி என்று கண்டுபிடித்துவிடலாம். இவை தவிர லலித், மதுவந்தி, மேக் மல்ஹார் முதலியவை. ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். முதலில் தாளப் பெட்டி தனியாகத் தட்டத் தொடங்கும். அதன்மேல் 303 ஒரே அடவைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் ஜூபிடரில் ராகம், அவசரமில்லாமல், ஆலாபனை மாதிரி எட்டிப் பார்க்கும். கீழே குதிரை ஓடுகிறது, மேலே சவாரி செய்கிறவர் பட்டு அங்கவஸ்திரம் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தோன்றிய உவமை அதுதான்.

இங்கேதான் தறி வருகிறது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். சரித்திரப் பாடத்தில் காஞ்சிபுரம் என்ற பெயரைக் கேட்பதற்கு முன்பே லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களைப் பற்றி மனப்பாடம் செய்துவிட்டோம். அவர்களுக்குக் 'கனுய்' என்று பெயர். 1831-லும் 1834-லும் கூலிக்காகக் கலகம் செய்தார்கள், பட்டாளம் வந்து அடக்கியது. அதற்கு ஒரு தலைமுறை முன்னால், 1804-ல், அதே லியோனில் ழோசேப் மரி ழக்கார் என்பவர் துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூ வேலை நெய்யும் இயந்திரத்தைச் செய்துகாட்டினார். எங்கள் வாத்தியார் 'ழக்கார்' என்பார். பிற்பாடு உத்தியோகம் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தபோது, பிள்ளையார்பாளையத்தில் தறி மேலே தொங்கும் பெட்டியை எல்லோரும் 'ஜக்கார்டு' என்றார்கள். இரண்டும் ஒரே மனிதரின் பெயர் என்று எனக்கு விளங்கச் சிறிது காலம் பிடித்தது.

ஜக்கார்டு அட்டை எப்படி வேலை செய்கிறது என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அட்டையில் துளை இருந்தால் அந்த ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், பாவு இழை எழும்பும். துளை இல்லாவிட்டால் இழை படுத்திருக்கும். ஒரு மிதிக்கு ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டால் மாலை மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அன்னமும் மாங்காயும் மறுபடி மறுபடி வரும். டி.பி.303-க்கும் இதே கதைதான். அதில் ஒரு சுற்றுக்கு 16 இடம். ஒவ்வொரு இடத்திலும் சுரம் உண்டா இல்லையா, அழுத்தமா சாதாரணமா, அடுத்ததற்கு வழுக்குகிறதா நிற்கிறதா என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். பதினாறாவது இடம் முடிந்ததும் முதல் இடத்துக்கு வந்துவிடும். கோத்த அட்டைமாலை, வேறென்ன?

இது நானாகக் கட்டிய உறவுமுறை அல்ல. ழக்காரின் அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு அட்டையில் உத்தரவு கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ழக்காரின் உருவப்படம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-ல் குறிப்பு எழுதிய ஏடா லவ்லேஸ் என்ற சீமாட்டி, சுரங்களுக்கு இடையே உள்ள உறவை விதியாக எழுதிக் கொடுத்தால் அது சங்கீதமும் கட்டக்கூடும் என்று அப்போதே சொல்லிவிட்டார். எடிசன் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பு! ஆக, பட்டுப்புடவையின் அன்னப்பட்சிக்கும் பேரன் காதில் ஒலிக்கும் டொக்கு டொக்குக்கும் ஒரே பாட்டன்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். மகன் ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் மால்கௌன்ஸை ஓடவிட்டேன். இரண்டு நிமிடம் பேசாமல் கேட்டார். வலது கால் மட்டும் மெள்ள மிதிக்க ஆரம்பித்தது. பிறகு கேட்டார்:

"சார், இதுக்கு எத்தனை அட்டை?"

"பதினாறு, அண்ணே."

"சின்ன டிசைன்தான். ஆனா கலர் மாத்திக்கிட்டே இருக்கான் பாருங்க, அதான் அலுக்கல." இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "எத்தனை பேர் வாசிக்கிறாங்க?" என்றார்.

"ஒருத்தர்தான்."

"அப்ப மத்தவங்கல்லாம்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கோர்வைப் புடவைக்குக் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும், எதிர்ப்பக்கம் நாடா தள்ள ஒரு பையனாவது துணைக்கு வேண்டும். அந்தத் துணையாள் கிடைக்காமல்தான் அவர் கோர்வை நெய்வதை நிறுத்தினார். ஆகவே அவருடைய கேள்வி சும்மா கேட்ட கேள்வி இல்லை.

அந்தக் கேள்விக்கு உரிய இடம் சினிமா ஒலிப்பதிவுக் கூடம். ஒரு காலத்தில் ஒரு பாட்டுக்கு வயலின்களே வரிசை வரிசையாக உட்காரும். செல்லோ, குழல், சிதார், தபலா, டோலக், தாள வாத்தியக்காரர்கள் என்று கூடமே திருவிழா மாதிரி இருக்கும். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அத்தனை குடும்பத்துக்கும் அன்றைய கூலி உறுதி. தமிழில் 1986-ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்கள் வந்தபோது 'கம்ப்யூட்டர் இசை' என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம். இரண்டுக்கும் இசை இளையராஜா. அவர் கோஷ்டியில் அப்போது கீபோர்டு வாசித்த பையன்தான் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். ரஹ்மானின் தகப்பனார் ஆர்.கே. சேகர் காலமான பிறகு, அவர் வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் பிழைத்தது என்பது நாடறிந்த செய்தி. ஒரு குடும்பத்துக்கு அந்தப் பெட்டிகள் சோறு போட்டன. 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு, பெட்டிகளே கோஷ்டியாகி, வயலின்காரர்கள் வீட்டில் டெலிபோன் மணி அடிப்பது குறைந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது நியாயமில்லை.

கைத்தறிக்காவது 1985-ல் ஒரு ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டார்கள். இன்னின்ன சரக்கை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று முதலில் 22 இனங்களைக் குறித்தார்கள், பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்பது காந்தி ரோட்டுக் கடைகளில் விசாரித்தால் தெரியும். வயலினுக்கு அப்படியும் ஒரு சட்டம் வரவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கர்நாடக சங்கீத மேடையில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறவரின் இடத்தை, 1970-களின் கடைசியிலிருந்து பெங்களூர் ரேடல் போன்ற கம்பெனிகளின் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. செய்தவர் ஜி. ராஜ் நாராயண் என்ற என்ஜினீயர், தாமே புல்லாங்குழல் வித்வான். ஆர்மோனியத்துக்கு முப்பது வருஷம் தடை போட்ட நாட்டில், சுருதிப் பெட்டிக்குப் பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை. பயணத்துக்குச் சௌகரியம், ஒரு ஆளின் டிக்கெட்டும் மிச்சம். சபாவில் அமர்ந்து அதைக் கேட்டுக் கண்ணை மூடிய நாமெல்லாம் எலக்ட்ரானிக் இசை கேட்டவர்கள்தான்.

தம்புராவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தம்புராவின் ரகசியம் ஒரு நூல். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் செருகும் 'ஜீவா' என்ற நூலிழை. அதைச் சரியான இடத்தில் நகர்த்தினால்தான் தந்தி பொன்வண்டு மாதிரி ரீங்காரம் போடும். ஒரே சுரம்தான், ஆனாலும் உள்ளே ஏதோ நகர்ந்துகொண்டே இருப்பது போல் கேட்கும். 303 பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினால் நடப்பதும் அதற்குக் கிட்டத்தட்ட அதுதான். சுரம் மாறாது, அதன் நிறம் திறந்து மூடும். பெரியவர் "கலர் மாத்திக்கிட்டே இருக்கான்" என்றது இதைத்தான். எந்தப் புத்தகமும் படிக்காமல் சொன்னார்.

சரண்ஜித் சிங்குக்கும் முன்னாலேயே இந்தியாவில் இந்த விதை விழுந்திருக்கிறது. அதுவும் ஒரு துணி ஆலை ஊரில். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் வந்து பொருத்திக் கொடுத்தார். இதற்கெல்லாம் காரணமாக இருந்தவர் கீதா சாராபாய். நம் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி, ஆலை முதலாளிக் குடும்பம், பக்காவஜ் வாசிக்கக் கற்றவர். விக்ரம் சாராபாய் மணந்தது சென்னையின் அம்மு சுவாமிநாதன் மகள் மிருணாளினியை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கீதா 1946-ல் நியூயார்க் போனபோது ஜான் கேஜ் என்ற இசைக்காரருக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்றுக்கொண்டார். சங்கீதம் எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கித் தெளிவாக்கி, தெய்வம் வந்து தங்குவதற்கு ஏற்றதாகச் செய்வதற்கு என்று தம் குருநாதர் சொன்னதைச் சொன்னார். கேஜ் அதை ஆயுளுக்கும் மறக்கவில்லை, பல இடங்களில் எழுதினார். கேஜைப் படித்து வளர்ந்தவர்களில் ஒருவர்தான் 1978-ல் விமான நிலையத்துக்கென்று அமைதியான இசைத்தட்டு போட்ட பிரையன் ஈனோ. இன்றைக்கு 'ரிலாக்ஸ்' செய்ய என்று விற்கிற இசைக்கெல்லாம் அது மூலப் பத்திரம் மாதிரி.

அகமதாபாத் கூடம் 1970-களின் தொடக்கத்திலேயே மூடிக்கிடந்தது. ஒலிநாடாக்கள் அலமாரிக்குள் போயின. பிரிட்டனிலிருந்து பால் பர்கஸ் என்பவர் வந்து தேடி எடுத்து, 2023-ல் இசைத்தட்டாக வெளியிட்டார். ஐம்பது வருஷம் பீரோவில். எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமே இல்லை. பீரோவுக்குள் போன கோப்பு, வெளியூர்க்காரன் வந்து கேட்டால்தான் தூசி தட்டப்படும்.

சரண்ஜித் சிங்குக்கும் அதே விதி. 1982-ன் தட்டு விற்கவில்லை. சினிமாப் பாட்டும் இல்லை, சாஸ்திரீயக் கச்சேரியும் இல்லை, எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கே புரிந்திருக்காது. அவர் திரும்பவும் கல்யாணக் கச்சேரிக்குப் போய்விட்டார். இதற்கிடையில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், விலைபோகாத டி.பி.303 பழைய சாமான் கடைக்கு வந்தது. கறுப்பின இளைஞர்கள் சிலர் மலிவாக வாங்கி, குமிழ்களை இஷ்டத்துக்குத் திருப்பி, 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டைப் போட்டார்கள். குழுவின் பெயர் ஃப்யூச்சர். அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகை கிளம்பி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1990-களில் ஜெர்மனியிலும், நம் கோவாவின் அஞ்சுனா கடற்கரையிலும் அது டிரான்ஸ் என்ற உருவம் எடுத்தது. கோவாவில் 1970-லிருந்து வந்து தங்கிய கலிபோர்னியாக்காரர் ஒருவர், கோவா கில் என்று பெயர், விடிய விடிய அந்த இசையை ஒலிபரப்பிப் பேர் வாங்கினார், 2023-ல் காலமானார். பிற்பாடு இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற ஒலி மாசு விதிகள் வந்து கடற்கரையின் சுருதியைக் குறைத்தன.

2002-ல் எடோ பௌமன் என்ற ஹாலந்துக்காரர் டில்லியில் பழைய இசைத்தட்டுக் கடையில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுபதிப்பாக வெளியிட்டார். உடனே, "ஆசிட் ஹவுஸ் இந்தியாவில் பிறந்தது" என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. சிகாகோ பையன்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு கோப்பு எண். ஐந்து வருஷம் முந்தியது நம்முடையது, அது பெருமைதான். அதற்கு மேல் கொடி பிடிப்பது அந்தக் கறுப்புப் பிள்ளைகளின் உழைப்பைத் தட்டிப் பறிப்பது. எல்லாம் நம்மிடமிருந்துதான் போனது என்கிற பேச்சு எனக்கு எந்த விஷயத்திலும் ருசிப்பதில்லை.

டிரான்ஸ் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் 'த்ரான்ஸ்'. பழைய பிரெஞ்சில் அதற்குச் சாவின் விளிம்பில் வரும் நடுக்கம் என்று பொருள். லத்தீனில் 'கடந்து போதல்'. நம் ஊரில் அதற்குச் 'சாமி வருவது' என்று பெயர், அதைக் கொண்டுவருவதற்குப் பம்பை, உடுக்கை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் பம்பை அடிக்கிறவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, மெள்ள மெள்ள வேகம் கூட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ழில்பேர் ரூழே என்ற பிரெஞ்சு அறிஞர் 1980-ல் இசையையும் த்ரான்ஸையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தாளம் மட்டுமே ஆளை ஆட்டிவிடுவதில்லை. ஊர், நம்பிக்கை, சடங்கு எல்லாம் சேர்ந்துதான் ஆட்டுகிறது என்பது அவர் வாதம். பம்பைக்காரர் தினமும் அடிக்கிறார், அவருக்குச் சாமி வருவதில்லையே! இன்னொரு பிரிவினையும் செய்கிறார். கூட்டம், சத்தம், அசைவு இவற்றில் வருவது த்ரான்ஸ். தனிமை, மௌனம், அசையாமை இவற்றில் வருவது வேறு, அதற்கு 'எக்ஸ்தாஸ்' என்று பெயர். இந்தக் கணக்கில் பார்த்தால், பேரன் மொட்டை மாடியில் தனியாகப் படுத்துக் காதில் மாட்டிக் கேட்பது டிரான்ஸே அல்ல. மாரியம்மன் கோயிலைவிட, ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தில் மத்தியானம் தூணோரம் கண் மூடி உட்கார்வதற்குத்தான் அது பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மாதிரி இசைக்கு 'ப்ளானாந்த்' என்பார்கள். பருந்து சிறகடிக்காமல் வட்டமிடுமே, அது. ழான் மிஷேல் ழார் 1976-ல் வீட்டுச் சமையலறையில் கருவிகளை வைத்துப் பதிவு செய்த 'ஒக்ஸிழேன்' தொகுப்பு அதற்கு நல்ல உதாரணம். அந்த மனிதர் 1979 ஜூலை 14 அன்று பாரிஸ் கொன்கோர்த் சதுக்கத்தில் வாசித்தபோது பத்து லட்சம் பேர் கூடினார்கள். சரண்ஜித் சிங்குக்குக் கல்யாணப் பந்தலில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

கடைசிக் காலத்தில் அவருக்கும் கொஞ்சம் கிடைத்தது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே ராகங்களை, பேரன் வயதுப் பிள்ளைகள் நின்று கேட்க, வாசித்தார். 2015 ஜூலையில் பம்பாயில் இறந்தார்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: இந்தோளத்தில் ஆரம்பியுங்கள், அதாவது மால்கௌன்ஸ். இரவு ஒன்பது மணிக்கு மேல். காதில் மாட்டும் கருவி வேண்டாம். சின்ன ஸ்பீக்கரில், சத்தத்தைப் பாதிக்குக் கீழே வையுங்கள். முதல் ஒரு நிமிடம் தாளம் எரிச்சலாகத்தான் இருக்கும், நிறுத்திவிடாதீர்கள். ராகம் உள்ளே வந்ததும் தாளம் தறிச் சத்தம் மாதிரிப் பின்னால் போய்விடும். ரேவதி பிடித்தவர்கள் கடைசியில் வரும் பைராகியைக் கேட்கலாம். பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் தம் பேரனிடம் சொல்லி அதைச் செல்போனில் ஏற்றி வைத்திருக்கிறார். சாயங்காலம் திண்ணையில் கேட்கிறாராம், கால் மிதித்துக்கொண்டிருக்கிறதாம்.